எல்லோஸ்டோனிலிருந்து முத்துவுக்கு

போஸ்மன்,
ஆகஸ்ட் 3

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி விடவில்லை என்கிறாய். வன இலாகா வேலையில் முண்டந்துறைக் காட்டு மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கிய கால், ரிட்டையர் ஆனதும் கணக்கு கேட்கத்தான் செய்யும். தைலத்தை நிறுத்தாதே.

போன வாரம் மகன் இங்கே அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற காட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போனான். வெந்நீர் ஊற்றைப் பார்த்ததைவிட பூங்காக் காவலரான ஒரு ரேஞ்சரோடு பேசிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். மருமகளுக்குக் கோபம்!

1872-லேயே இதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் காவலுக்குச் சரியான ஏற்பாடு இல்லை. வேட்டைக்காரர்கள் அடங்காததால் 1886-இல் பட்டாளத்தை இறக்கி, 1918 வரை அதையே காவலுக்கு வைத்திருந்தார்கள். பூங்காக்களுக்கென்று தனித் துறை வந்தது 1916-இல்தான். போராக்ஸ் (வெண்காரம்) வியாபாரத்தில் சம்பாதித்த ஸ்டீபன் மாதர் முதல் இயக்குநர். கைக்காசையும் போட்டு நடத்தியிருக்கிறார். அன்று 35 இடங்கள், இன்று 430-க்கு மேல். போர்க்களம், கடற்கரை, தலைவர்கள் பிறந்த வீடு எல்லாம் அதில் சேர்த்தி. மாமத் என்ற இடத்தில் பட்டாளம் கட்டிய கல் கட்டடங்களில்தான் இன்றும் பூங்கா அலுவலகம். வாசல் புல்லில் எல்க் மான்கள் படுத்து அசைபோடுகின்றன.

அந்த 1916 சட்டம் காட்டைக் கெடாமல் பின்வரும் தலைமுறைக்கு விட்டுவைக்கச் சொல்கிறது. அதே வாக்கியத்தில் ஜனங்கள் வந்து அனுபவிக்கவும் வழிசெய்யச் சொல்கிறது. படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தையும் விட முடியாமல், காட்டையும் விட முடியாமல் நீ ராத்தூக்கம் இல்லாமல் அலைவாயே!

இவர்களும் ரொம்ப நாள் கூட்டத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறார்கள். ஓட்டல் எச்சிலைக் கொட்டி, கரடி தின்பதை ஜனங்கள் பார்க்க வரிசையாகப் பலகை போட்டிருக்கிறார்கள், சர்க்கஸ் மாதிரி! இரண்டாம் உலகப்போர் சமயத்தில்தான் அந்தக் காட்சி நின்றது. குப்பைமேடுகளை முழுக்க மூட 1970 வாக்கில் ஆகிவிட்டது. ஓநாய் கதை இன்னும் மோசம். மானைத் தின்கிறது என்று பூங்கா ஆட்களே சுட்டுத் தீர்த்தார்கள். 1926-இல் குட்டிகளைக்கூட விடவில்லை. பிறகு அதே துறை 1995, 96-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது. தாங்கள் செய்தது பிழை என்று அரசாங்க ஆபீஸ் ஒன்று காரியத்தில் காட்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மலையாட்டை வேட்டையாடி இங்கேயே வாழ்ந்த ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்களைப் பூங்கா வந்த சில வருஷத்திலேயே வெளியேற்றிவிட்டார்கள். ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், இவர்கள் திரும்பிக் குடிவரவில்லை. நம் மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களைப் பற்றி நீ சொல்வாயே, அதெல்லாம் நினைவுக்கு வந்தது.

உனக்கு ரேஞ்சர் தொப்பி மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறேன். அந்த அகல விளிம்பும் பட்டாளத்தார் விட்டுப்போன பழக்கமாம். ஐப்பசியில் வருகிறேன். அதற்குள் கால் தேறினால் காரையாறு வரை ஒரு நடை போகலாம்.

உன்,
சண்முகம்