தெருநாய்க்குச் சோறு போடுவது பெரிய செலவில்லை, ஆட்டோ வாடகைதான் செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களைப் பற்றி உங்கள் கடிதப் பகுதியில் நடக்கும் சண்டையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய் அடைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். வாயில்லா ஜீவனிடம் இரக்கம் வேண்டும் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே காசைப் பற்றிப் பேசுவதில்லை. நான் பாளையங்கோட்டையில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். பிளவுஸ், நைட்டி, சேலைக்கு ஃபால்ஸ் என்று வரும் கூலியில்தான் வீட்டுச் செலவும், வாசலில் கிடக்கும் நாய்களின் செலவும், உள்ளே திரியும் பூனைகளின் செலவும் ஓடுகின்றன. அதனால் காசைப் பற்றியே எழுதுகிறேன்.

பாக்கெட் தீனி வாங்க வசதியில்லாதவர்கள் எதற்கு நாய் வளர்க்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தப் பாக்கெட் வாங்கும் காசு என் கையில் இருந்தால் அதை ஊசிக்கும் ஆபரேஷனுக்கும்தான் எடுத்து வைப்பேன். நாய்க்குச் சாப்பாடு நம் அடுப்பிலேயே முடிந்துவிடும். குருணையைக் குழைய வேகவைக்க வேண்டும். கோழிக்கடையில் சாயங்காலம் கடை எடுத்து வைக்கும் நேரத்துக்குப் போனால் கழுத்து, கால், ஈரல் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். தினமும் போகிறவர்களுக்கு பாய் சும்மாவே ஒரு பையில் போட்டுத் தருவார். அதையும் குருணையோடு குக்கரில் போட்டு விசிலைக் கூடுதலாக விட்டால் கழுத்தெலும்பு விரலில் நசுங்கும். நசுங்காத எலும்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும். உப்பு, காரம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே குழம்பில் பிசைந்த மிச்சச் சோற்றை அப்படியே கொட்டுவது புண்ணியம் இல்லை.

பூனை விஷயம் வேறு. எங்கள் வீட்டுப் பூனை தயிர்ச்சோறு தவிர வேறெதையும் தொடாது என்று பெருமையாகச் சொல்பவர்களை எனக்குத் தெரியும். அது பெருமைப்படுகிற விஷயமே இல்லை. டாரின் என்று ஒரு சத்து, கறியிலும் மீனிலும் இருப்பது. பூனையின் உடம்பால் அதைத் தேவையான அளவுக்குத் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. அது கிடைக்காத பூனைக்குக் காலப்போக்கில் கண் பார்வை போகும், இதயமும் பலவீனமாகும். சாளை மலிவாக வருகிற நாளில் வாங்கி வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் போதும், செலவு கையைக் கடிக்காது. தாயில்லாத குட்டிக்குப் பசும்பால் கொடுக்கிறோம். பல குட்டிகளுக்கு அதுவே வயிற்றுப்போக்காகி உயிரைக் கொண்டுபோகிறது. பூனை வெளிக்குப் போக வைக்கிற மண் தட்டுக்கும் விளம்பரத்தில் வருகிற மணல் வேண்டியதில்லை. மரக்கடையில் மரத்தூள் கேட்டால் சாக்கு நிறையத் தருவார்கள்.

செலவு எங்கே இருக்கிறது என்றால், மருத்துவமனைக்குப் போய் வருவதில். அரசு கால்நடை மருத்துவமனையில் பார்ப்பதற்கென்று பெரிதாகக் காசு வாங்குவதில்லை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருப்பது எங்கள் ஊர்க்காரர்களின் பாக்கியம். ஆனால் அது ஊருக்கு அந்தக் கோடி, பாளையங்கோட்டை இந்தக் கோடி, நடுவில் தாமிரபரணி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கண்டக்டர் ஏற்ற மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் நாயைப் பார்த்ததுமே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். வருகிறவர் போக, வர, காத்திருக்க என்று 500 ரூபாய் கேட்பார். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஒரே ஒரு அண்ணாச்சி மட்டும் சீட்டில் சாக்கை விரித்து, "ஏறு தாயி, கழுவிக்கிடலாம்" என்பார். அவர் சவாரிக்குப் போயிருந்தால் நோய் காத்திருக்க வேண்டியதுதான். இதில் மருத்துவர் இருக்கும் நேரம் பெரும்பாலும் காலைப் பொழுது. கூலி வேலைக்குப் போகிறவளுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

மணி என்று ஒரு கடுவன் நாய். அதன் குறியில் பூக்கோசு மாதிரி ஒரு கட்டி வளர்ந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. தெருவில் எல்லோரும் அருவருத்து விரட்டினார்கள். இது இணை சேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டுகிற புற்றுநோய். தெருநாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. புற்றுநோய் என்றதும் பயப்படுகிறோம், ஆனால் பெரும்பாலும் குணமாகிவிடுகிற புற்றுநோய் இது. வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். சில வாரங்களில் கட்டி சுருங்கி உதிர்ந்துவிடும். மருந்தின் விலையைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன், ஒரு நைட்டித் துணியின் விலைகூட வரவில்லை. ஆனால் வாரா வாரம் ஆட்டோ வைத்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மருந்தும் மருத்துவரும் இருந்தும், வண்டிக்குக் காசில்லாமல் நாய் சாகிறது. மணி பிழைத்துக்கொண்டது, அண்ணாச்சி புண்ணியம்.

மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்தால் கைவைத்தியம் தலைதூக்கும். சொறி நாய்க்கு மெக்கானிக் கடைப் பழைய ஆயிலைத் தடவுகிறார்கள், உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். தோல் வெந்துபோகும். நாய் நக்கி நக்கி அது வயிற்றுக்குள்ளும் போகும். சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைத் துளைப்பதால் வருவது. எடை பார்த்து மருத்துவர் போடும் ஊசியிலோ கொடுக்கும் மாத்திரையிலோ அடங்கிவிடும். உண்ணிக் காய்ச்சலுக்கு எழுதித் தரும் டாக்ஸிசைக்ளின் நாம் சாப்பிடுகிற அதே மாத்திரைதான். சீட்டைக் காட்டி மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் விலை குறைவு. அதற்காக வீட்டில் இருக்கிற மாத்திரையை எல்லாம் உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகத் தூவுகிற பவுடரில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம்.

வெறிநோய்த் தடுப்பூசிக்கு மட்டும் ஓரளவு வழி இருக்கிறது. ஜூலை 6, செப்டம்பர் 28 இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். 1885இல் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநாய்க்கடி ஊசி போடச் செய்த நாள் முதலாவது, அவர் இறந்த நாள் இரண்டாவது. இந்த நாட்களை ஒட்டிப் பல ஊர்களில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. முகாம் நம் பேட்டைக்கே வருவதால் ஆட்டோவும் வேண்டாம், கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டே போய்விடலாம். கூட்டம் அலைமோதும். அருகில் வந்தால் ஏழைகளும் வருவார்கள் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

இனி ஆபரேஷன். எனக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான். குட்டி போட்டால் கடுவன் குட்டிகளை யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு ரயில்வே கேட் பக்கமோ சந்தைப் பக்கமோ போய்ச் சேரும். அதில் பிழைப்பது ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டும் ஒரு வருடத்துக்குள் சினையாகும். நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், வருடத்துக்கு இரண்டு முறைகூட ஈனும். பூனை இன்னும் வேகம், சில பூனைகள் ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நாயைக் கண்டு பயப்படுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சாதுவான பெட்டை நாய்கூடக் குட்டி போட்ட நேரத்தில் அந்த வழியாகப் போகிற சைக்கிளைத் துரத்தும். குட்டி இல்லாவிட்டால் அந்தச் சீற்றமும் இல்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் கடிபட்ட சிறுவனை அப்படிப்பட்ட ஒரு தாய்நாய்தான் கடித்தது. (கடித்த இடத்தில் அவன் ஆச்சி மிளகாய்ப்பொடி வைக்கப் போனார். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே ஊசி இலவசம்.)

தனியார் கிளினிக்கில் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யக் கேட்ட தொகை எனக்கு ஒரு மாதத் தையல் கூலிக்கு மேல். அதற்கு நாங்கள் கண்ட வழி சீட்டு. இட்லிக் கடை மதினி, ஓய்வு பெற்ற டீச்சர், ஆட்டோ அண்ணாச்சியின் சம்சாரம், நான், இன்னும் சிலர். ஆளுக்கு மாதம் 100 ரூபாய். ஆபரேஷனுக்குச் சேர்ந்ததும் அடுத்து எந்த நாய் சினையாகக் கூடுமோ அதற்கே முதல் சீட்டு. நாய்ச்சீட்டு என்று தெருவில் கேலி பண்ணினார்கள். கேலி பண்ணிய ஒருவர் இப்போது தன் வீட்டுப் பூனைக்காகச் சேர்ந்திருக்கிறார். எங்கள் பெட்டை நாய் கருப்பிக்கு ஆபரேஷன் முடிந்தபின் எங்கள் வாசலில் குட்டி பிறக்கவில்லை. அதனால் தீனிச் செலவும் ஏறவில்லை. கணக்குப் பார்த்தால் ஆபரேஷன் செலவு குட்டிகளின் சாப்பாட்டுச் செலவிலேயே கழிந்துபோகிறது.

ஆனால் இது தெருவில் சீட்டுப் பிடித்துச் செய்ய வேண்டிய வேலையா? விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. தெருநாய்க்குக் கருத்தடை செய்யும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது என்று அவற்றில் இருக்கிறது. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இந்த வேலையை 1964லேயே தொடங்கிவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிபிடித்த, ஆக்ரோஷமான நாய்களுக்கு அது பொருந்தாது என்றது. சோறு போடத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. ஆக, சட்டத்தில் வழி இருக்கிறது. அது தெருவுக்கு வந்து சேர வேண்டும்.

நான் கேட்பது மூன்று. மாடு கன்று போடச் சிரமப்பட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் போடலாம், மருத்துவ வண்டி வருகிறது. நல்ல திட்டம். அப்படி ஒரு வண்டியை வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நகரத்து வார்டுகளுக்கும் அனுப்புங்கள். ஊசி, சொறி மருந்து, புழுப் புண் கட்டு, மணிக்குப் போட்ட மாதிரியான தொடர் ஊசி எல்லாம் தெருமுனையிலேயே முடிந்துவிடும். இரண்டாவது, தாலுகா அளவிலாவது அரசு கால்நடை மருத்துவமனையில் வாரம் ஒரு நாளைக் கருத்தடைக்கென்று ஒதுக்கி, கட்டணம் எவ்வளவு என்று போர்டில் எழுதி வையுங்கள். 300 ரூபாயானாலும் சரி, 500 ரூபாயானாலும் சரி, தொகை முன்கூட்டியே தெரிந்தால் சீட்டுப் போட்டாவது கட்டிவிடுவோம். எவ்வளவு ஆகுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் போவதே இல்லை. மூன்றாவது, சோறு போடும் இடத்தை வார்டு வார்டாக அறிவித்துப் பலகை வையுங்கள். இடம் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு எங்களுக்கு எதற்கு வாய்த்தகராறு?

இரக்கத்தைப் பற்றி எழுதும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கி நாய்களுக்குப் போட்டுப் படம் எடுப்பதை ஒரு வருடம் நிறுத்துங்கள். அந்தக் காசில் உங்கள் தெருவில் சோறு போடுகிற அம்மா யாரென்று பார்த்து, அவருக்கு ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
பாளையங்கோட்டை.

பின்குறிப்பு: ஆபரேஷன் ஆன நாய் தையலை நக்கிப் பிரித்துவிடும். அதற்கு விற்கிற கழுத்துக் கூம்பு வாங்க முடியாவிட்டால் பழைய கையில்லாப் பனியன் போதும். தலை நுழையும் இடத்தில் தலை, கை நுழையும் இடத்தில் முன்னங்கால்கள். பனியனின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் ஒரு சாண் கிழித்து, பின்னங்கால்களுக்கு மேலே முதுகில் முடிச்சுப் போடுங்கள். வால் பக்கம் மூத்திரம் போக இடம் விடுங்கள். பூனைக்குப் பழைய லெகிங்ஸின் ஒரு கால் சரியாக இருக்கும், நான்கு ஓட்டை வெட்டினால் போதும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். எலாஸ்டிக் வைத்துத் தைக்க வேண்டாம், புண்ணில் இறுக்கும்.