குடியிருப்பாளர் குழுவில் சேரத் தயங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் நீ வாடகை வீடு தேடியபோது, "இந்தியரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முகவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்றாய். அன்றிரவு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள், நீ குடியேறிய அடுக்குமாடி புளோக்கின் குடியிருப்பாளர் குழுவில் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. "ஜூலை 21 அன்று பிள்ளைகள் சேலையும் மலாய் உடையான பாஜு குரோங்கும் மாற்றி உடுத்திப் படம் எடுத்துக்கொண்டால் போதுமா, அக்கா?" என்று கேட்டாய்.

போதாது. பள்ளிகளில் 1997 முதல் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடப்படும் அந்தத் தேதி, சிங்கப்பூரில் ரத்தம் சிந்திய தேதி. 1964இல் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் கலவரம், இன்னும் 13 உயிர்கள். ஊரடங்கு போட்டுத் தெருவை அடக்கலாம். ஊரடங்கு தளர்ந்த மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்காகத்தான் அன்று ஊரெங்கும் நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. பல இனத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, மக்களின் பயத்தைக் கேட்டுத் தெளிவிப்பதுதான் அவற்றின் வேலை. இன்றைக்கும் நம் குழுக்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் புளோக்கில் மாதாந்தரத் தேநீர் விருந்துக்கு மலாய்ப் பெண்கள் தவறாமல் வருவார்கள். ஆனால் பெட்டிப் பானத்தைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். ஆறு மாதம் நாங்கள் யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். ஒன்பதாம் மாடிச் சீனப் பாட்டிதான் தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் நேரடியாகக் கேட்டார். எங்கள் பாத்திரங்களில் பன்றி இறைச்சி பட்டிருக்குமோ என்ற தயக்கம் என்று தெரிந்தது. அடுத்த மாதம் பாட்டி புதிய மின்கெண்டி, கத்தி, வெட்டுப்பலகை எல்லாம் வாங்கி வந்தார். பெட்டியை வீட்டில் பிரிக்கவில்லை. அவர்கள் கண்ணெதிரே ஒட்டுநாடாவைக் கிழித்தார். வேறு பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாதென்று கைப்பிடியில் பச்சை நாடாவும் கட்டினார். அன்று எல்லாரும் ஒரே கெண்டித் தேநீர் குடித்தோம்.

1989 முதல் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் இன விகிதம் வைத்து நம்மை ஒரே தாழ்வாரத்தில் குடியமர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வியை எந்த விதியும் பாட்டிக்காகக் கேட்டிருக்காது.

வாடகை விஷயத்தையும் ஒரு கூட்டத்தில் நான் எழுப்பினேன். அறை வாடகைக்கு விடும் ஒருவர், மசாலா வாசனையையும் சுவர்க் கறையையும் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் நின்றபடியே வாதாடினோம். அவர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு வந்தார், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதனால் போ. முதல் கூட்டத்திலேயே அந்தத் தொலைபேசி அழைப்பைச் சொல். நாகரிகம் கருதிக் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல். பிறகு அவர்கள் சொல்வதையும் கடைசிவரை கேள். இரவு எத்தனை மணியானாலும் எனக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா