2025–26 ஆண்டறிக்கை: காற்றில் சல்பேட், நைட்ரேட் துகள்கள்

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எண்ணூர், மணலி வட்டாரத்தில் மொட்டை மாடியில் படியும் சாம்பலைப் பற்றியே இதுவரை மனு எழுதிவந்தோம். இவ்வாண்டு, வாயுவாகக் கிளம்பி வழியில் துகளாக மாறும் மாசைக் கையில் எடுத்தோம்.

அனல்மின் நிலையத்தில் மின்புலத்தால் துகளை ஈர்க்கும் கருவியான ஈ.எஸ்.பி. சாம்பலைப் பிடிக்கும், கந்தக டை ஆக்சைடு அதில் சிக்காது. அதற்குச் சுண்ணாம்புக்கல் கூழால் புகையைக் கழுவும் எஃப்.ஜி.டி. என்ற கருவி வேண்டும். 0.5 விழுக்காடு கந்தகமுள்ள 1 டன் நிலக்கரி எரிந்தால் சுமார் 10 கிலோ கந்தக டை ஆக்சைடு வெளிவரும். அது காற்றில் கந்தக அமிலமாகி, அம்மோனியாவோடு சேர்ந்து முழுவதும் அம்மோனியம் சல்பேட் ஆனால் துகள் 20 கிலோவுக்கும் சற்று மேல். மாற்றம் வெயிலில் மெதுவாகவும் மேகத்துளிக்குள் வேகமாகவும் நடக்கும். ஆகவே ஆலை வாசலில் வாயுதான் தெரியும். துகள் காற்றடிக்கும் திசையில் வெகுதொலைவில் தெரியும்.

2025 ஜூலை மத்திய அறிவிக்கை, டெல்லி தலைநகர் வட்டாரம், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் ஆகியவற்றிலிருந்து 10 கி.மீ.க்குள் உள்ள அனல்மின் நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. பொருத்த 2027 டிசம்பர் வரை கெடு தருகிறது. மாசு மிகுந்த பகுதிகளை ஒட்டியவை தனித்தனியே பரிசீலிக்கப்படும்; மற்றவற்றுக்குப் புகைபோக்கி உயர நிபந்தனையோடு விலக்கு. வாயுவை மட்டும் நினைத்தால் 10 கி.மீ. பொருந்தலாம். நாள்கணக்கில் காற்றில் மிதக்கும் சல்பேட்டுக்கு அந்த எல்லை பொருந்தாது என்பதே நம் மனுவின் சாரம்.

நைட்ரேட்டின் போக்கு வேறு. அம்மோனியாவை முதலில் கந்தக அமிலம் எடுத்துக்கொள்ளும்; மீந்ததே, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலத்துக்கு. அம்மோனியம் நைட்ரேட் குளிரில் நிற்கும், வெப்பத்தில் மீண்டும் வாயுவாகும். டெல்லிக் குளிர்காலத்தில் அது மிகுவதும், சென்னைப் பகலில் நிலைக்காததும் இதனால்தான். கடலோரத்தில் நைட்ரிக் அமிலம் உப்புத் துகளோடு வினைபுரிந்து சோடியம் நைட்ரேட்டாகப் பெரிய துகள்களில் ஒட்டும். எனவே பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்) மட்டும் அளந்தால் போதாது; பி.எம். 10-இலும் (10 மைக்ரான் வரையிலான துகள்) நைட்ரேட்டைத் தேட வேண்டும்.

உறுப்பினர் வீடுகளில் உள்ள சிறு சென்சார்கள் ஒளிச்சிதறலை அளப்பவை. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் சல்பேட் துகள் நீர் குடித்துப் பருத்துவிடும். அளவு ஏறித் தெரியும். அந்நேர அளவுகளைத் தனியே குறித்துவைக்கவும். உறிஞ்சும் குழாயைச் சூடாக்கினால் நீர் போகும், கூடவே நைட்ரேட்டும் போகும்.

போகியன்று டயர் எரிக்க வேண்டாமென வீடுவீடாகச் சொன்னோம். ரப்பரை இறுக்கக் கந்தகம் சேர்ப்பதால், எரியும்போது கரியோடு கந்தக டை ஆக்சைடும் வரும்.

வரும் ஆண்டுக்கு, காற்றை வடிதாள் வழியே இழுத்துத் துகளைத் தாளில் பிடிக்கும் வடிதாள் மாதிரி எடுக்க முன்மொழிகிறோம். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்று உள்ளே போகும். பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரிக்கான தேசிய வரம்பான கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவில்கூடத் தாளில் சேர்வது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. விரல் பட்டாலே எடை கெடும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். டெஃப்லான் தாளிலிருந்து நைட்ரேட் ஆவியாகும் என்பதால் அதைப் பிடிக்கப் பின்னால் நைலான் தாளும் வேண்டும். எடுத்த தாளைக் குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் அளவுகளைத் தனித்தனியே வெளியிடுமாறு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைக் கோரும் தீர்மானமும் இணைக்கப்பட்டுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்று, வடிதாள் முன்மொழிவையும் இத்தீர்மானத்தையும் நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

செயலர்