மயங்கவில்லை, தேர்ந்தெடுக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பறவைகளின் இணைசேர்தல் பற்றி வெளிவந்த கட்டுரையில், ‘ஆண் மயில் தோகையை விரித்ததும் பெண் மயில் மயங்கி இணங்கிவிடுகிறது’ என்றொரு வாக்கியம் உள்ளது. அந்த ‘மயங்கி’ என்ற ஒரு சொல்லுக்காகவே இந்தக் கடிதம். 31 ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள் என்பதால், படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

2013-இல் வெளியான ஆய்வு தாங்கள் அறியாததல்ல. பெண் மயிலின் தலையில் பார்வையைப் பின்தொடரும் சிறு கருவியைப் பொருத்தி, ஆண் ஆடும்போது அது எங்கே பார்க்கிறது என்று கவனித்தார்கள். ஆணைப் பார்த்த நேரத்தைவிடச் சுற்றுப்புறத்தைப் பார்த்த நேரமே அதிகம்; ஆணைப் பார்த்தபோதும் பெரும்பாலும் தோகையின் கீழ்ப்பகுதியையே பார்த்தது. மயங்கியவர் பார்க்கும் பார்வையா இது? அதற்கு முன்பே இங்கிலாந்தில் மேரியன் பெட்ரி, தோகையின் கண்புள்ளிகளில் சிலவற்றை வெட்டியெடுத்தால் அந்த ஆணுக்கு இணைகள் குறைவதைக் காட்டியிருந்தார். ஜப்பானில் 7 ஆண்டுகள் கவனித்து 2008-இல் முடிவை வெளியிட்டவர்களுக்கோ, தோகைக்கும் தேர்வுக்கும் தொடர்பு எதுவும் புலப்படவில்லை. பெண் எதைப் பார்த்துத் தேர்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. தங்கள் கட்டுரையாளருக்குச் சண்டையே தேவைப்படவில்லை. ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வீட்டுத் தொட்டியில் பல ஆண்டுகள் கப்பி மீன் வளர்த்திருக்கிறேன். ஆண் கப்பி உடலை வில்லாய் வளைத்து, நடுங்கியபடி பெண்ணின் முன்னால் வந்து நிற்கும். பத்து முறை நின்றால் ஒன்பது முறை பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரை தேடப் போய்விடும். ஆரஞ்சுப் புள்ளி பெரிதாகவும் பளிச்சென்றும் உள்ள ஆண் வந்தால் மட்டும் சற்று நின்று, பிறகு மெல்ல அருகே நகரும். அந்த நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீனின் உடல் தானாகத் தயாரிக்க முடியாது. பாசி போன்ற இரையிலிருந்தே பெற வேண்டும். ஆகவே அந்தப் புள்ளி, இரை தேடத் தெரிந்தவன் என்பதற்கு ஆண் தன் உடம்பிலேயே சுமந்து திரியும் சான்று. அதே புள்ளி எதிரியின் கண்ணிலும் படும். டிரினிடாட் ஓடைகளில் கப்பியைத் தின்னும் மீன்கள் மிகுந்த இடங்களில் ஆண்கள் மங்கலாகவே இருப்பதை ஜான் எண்ட்லர் 1980-இல் எடுத்துக்காட்டினார். ஒருமுறை நான் சில மாதங்கள் மலிவான தீனியையே போட்டுவந்தேன். புள்ளிகள் வெளுத்தன. அதுவரை தொட்டியில் மதிப்போடு திரிந்த ஆணைப் பெண்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மயங்குகிற உயிர் இவ்வளவு கணக்குப் பார்க்குமா?

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், தங்கள் வினா விடைப் பகுதியில், ஆண் மயிலின் கண்ணீரைப் பருகியே பெண் மயில் கருவுறுகிறது என்று அச்சிட்டீர்கள். மற்றப் பறவைகளைப் போலவே மயிலும் உடலால் கூடித்தான் இனம் பெருக்குகிறது என்று விரிவாக எழுதி அனுப்பினேன். ‘வாசகி ஒருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்துள்ளார்’ என்று ஒரு வரி வந்தது. அது கருத்து அல்ல, ஐயா, உடற்கூறு. பின்னர் ஓர் அட்டைப்படத்தில், தோகை விரித்த ஆண் மயிலுக்கு ‘நடனமாடும் மங்கை’ என்று தலைப்பிட்டீர்கள். பெண்ணை மயிலுக்கு ஒப்பிட்டே பழகிய மொழி நம்முடையது. பறவைகளின் ஆணைச் சேவல் என்று சொல்லலாம் என்ற பழைய இலக்கணமே மயிலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

இந்த அலங்காரங்களுக்குப் பெண்ணின் தேர்வே காரணம் என்று டார்வின் 1871-இல் எழுதியதை, அவரைப் போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்டறிந்த வாலஸே ஏற்க மறுத்தார். பறவைக்கு ரசனை ஏது என்ற அந்தச் சந்தேகத்தைச் சோதனையால் சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கென்யாவில் அரை மீட்டர் நீள வால் கொண்ட ஒரு கரிய பறவையைத் தேர்ந்து, சில ஆண்களின் வாலை வெட்டி வேறு சில ஆண்களுக்கு ஒட்டி நீட்டினார் மால்டே ஆண்டர்சன். வால் நீண்டவற்றின் எல்லைக்குள்தான் புதிய கூடுகள் அதிகம் வந்தன என்று அவர் 1982-இல் எழுதினார். இத்தனை பாடுபட்டுப் பெண் பறவைக்குப் பெற்றுத் தந்த தேர்வைத் தங்கள் கட்டுரையாளர் ஓர் எச்சவினையில் பறித்துக்கொண்டார்.

நான் கேட்பது பெரிதல்ல. ‘மயங்கி’ என்பதைத் ‘தேர்ந்து’ எனத் திருத்தி வாசிக்கவும் என்று அடுத்த இதழின் ஏதேனும் ஒரு மூலையில் வெளியிட்டால் போதும். இக்கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று அறிவேன். டார்வினை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள். கப்பி மீன் பத்தியைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை