இது எந்தப் பாடத்துக் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்று ஆராயும் கற்றல் அறிவியலை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஊட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இந்த மலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

போன ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் பரப்பளவு நடத்தினேன். பயிற்சிக் கணக்குகளைப் பிள்ளைகள் பிசகில்லாமல் போட்டார்கள். எனக்கும் மனம் குளிர்ந்தது. மூன்று வாரம் கழித்து, உறைபனி விழுந்த ஒரு காலையில் பாதிப் பேர் வரவில்லை. புதுப் பாடம் வேண்டாமென்று கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். கேரட் தோட்டம், நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர்; காட்டெருமை நுழையாமல் சுற்றிலும் ஒரு வரிசை கம்பி கட்ட எத்தனை மீட்டர் வேண்டும்? பதினான்கு பேரில் பதினோரு பேர் 96 என்று எழுதினார்கள். நாற்பது மீட்டர் போதும்! ஒரு பையன் மட்டும் எதையும் எழுதாமல் எழுந்து நின்றான். "டீச்சர், இது எந்தப் பாடத்துக் கணக்கு?" என்று கேட்டான். அப்பாவோடு சேர்ந்து சொந்தத் தோட்டத்துக்கு வேலி கட்டியவன் அவன்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'பரப்பளவு' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினாலும் விடை வந்துவிடும். எந்த வழியில் போவது என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்து முடித்துவிடுகிறது. அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கனஅளவுக் கணக்குகளை வகைவாரியாகப் போட்டுப் பழகிய கல்லூரி மாணவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். எல்லா வகைக் கணக்குகளையும் கலந்து போட்டுப் பழகியவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் குழு 20-க்குச் சரிந்துவிட்டது. கலந்து பழகியவர்கள் 63.

இப்போது தினமும் பாடம் தொடங்கும் முன் நான்கு கணக்குகள் கொடுக்கிறேன். நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, பழையவை இரண்டு. புத்தகம் மூடியிருக்கும். மதிப்பெண் கிடையாது. மறந்ததைத் தானே முயன்று மீட்டெடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பின்னத்தில் இன்னும் தடுமாறுகிறார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் சுற்றளவு கேட்கும் வேலிக் கணக்கையும் பரப்பளவு கேட்கும் உரக் கணக்கையும் இப்போது யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஒரு தாய் என்னை நிறுத்தி, "முன்பெல்லாம் நோட்டு முழுக்கச் சரி போட்டிருப்பீர்கள், இப்போது பாதி தப்பாக இருக்கிறதே டீச்சர்" என்று வருத்தப்பட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தது.

எங்களுக்கும் இதைப் பற்றி ஒரு நாள் பயிற்சி நடந்தது. நினைவுகூர்தலின் அருமையைத் திரையில் படம் படமாகக் காட்டியவர், மாலை வரை எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

பாடநூல் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பயிற்சியின் கடைசியிலும் முந்தைய இயல்களிலிருந்து நான்கு கணக்குகளைத் தலைப்பில்லாமல் சேர்க்க வேண்டும். அதுவரை கரும்பலகையில் நானே எழுதிக்கொள்கிறேன். பள்ளியைப் பார்வையிட வருகிறவர்கள் பிள்ளைகளின் நோட்டில் சிவப்புச் சுழிகளைக் கண்டு முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

– நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.