மென்டர் சந்திப்பு நான்காம் வாரத்துக்குள் நடக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதலாண்டு மாணவர்களுக்கு மென்டர், அதாவது வழிகாட்டி, என்று ஓர் ஆசிரியரை ஒதுக்குவது கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் பல இடங்களில் அவர் மாணவரை முதன்முதலாக உட்காரவைத்துப் பேசுவதே முதல் அகமதிப்பீட்டு மதிப்பெண் வந்த பிறகுதான். 15 வார செமஸ்டரில் அதற்குள் பாதி கரைந்திருக்கும்.

சறுக்கல் மூன்றாம், நான்காம் வாரத்திலேயே தெரியும். முதல் அசைன்மென்ட் வராது, காலை முதல் வகுப்பில் மட்டும் ஆள் இருக்காது, ஆய்வகப் பதிவேடு வெறுமையாகக் கிடக்கும். இவற்றைப் பார்த்தே ஆளைக் கூப்பிடலாம். ஒரு மென்டருக்கு 20 பேர், ஆளுக்கு 15 நிமிடம் என்றால் மொத்தம் 5 மணி நேரம். அந்த நேரம் கால அட்டவணையில் ஏற வேண்டும். மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

"பாடம் புரியுதா?" என்று கேட்டால் "புரியுது சார்" என்றுதான் பதில் வரும். நோட்டைத் திறக்கச் சொல்லி, போன வாரக் கணக்கு ஒன்றை எதிரிலேயே போடச் சொன்னால் உண்மை தெரியும். தடுமாறுவது எங்கே என்பதுதான் முக்கியம். பள்ளிப் பாடத்தில் ஓட்டை என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் தனி வகுப்பு போதும். கணக்கு தெரிந்தும் கேள்வியின் மொழி பிடிபடவில்லை என்றால் கலைச்சொற்களைச் சொந்த மொழியில் எழுதிப் பழகவேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு இரண்டுமே உதவாது. வாரத்தின் மணிக்கணக்கைத்தான் எழுதிப் பார்க்கவேண்டும். எல்லோருக்கும் "இன்னும் நல்லாப் படி" என்று சொல்வது மருந்துச் சீட்டில் "குணமாகுக" என்று எழுதுவதைப் போன்றது.

எண்களையும் மாணவரிடம் போட்டுக் காட்டவேண்டும். ஒரு பாடத்துக்கு 60 வகுப்பு, 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்றால், விடக்கூடியவை 15. முதல் நான்கு வாரத்தில் 6 போயிருந்தால் மீதி 11 வாரத்துக்கு இருப்பு 9 மட்டுமே. பத்துக்குப் போடும் கிரேடு சராசரியும் இப்படித்தான். சம கிரெடிட் (பாடங்களின் எடை) உள்ள ஆறு செமஸ்டரில் முதலாவதில் 5 எடுத்தவர் மொத்தத்தில் 7.5 தொட, மற்ற ஐந்திலும் சராசரி 8 எடுத்தால் போதும். இரண்டாவதிலும் 5 என்றால் மீதி நான்கில் 8.75 வேண்டும். முதல் அரியரோடு படிப்பே முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைக்கு அந்த 8 என்ற எண்ணே பெரிய ஆறுதல்.

படிப்பைத் தாண்டிய சிக்கல் என்று தெரிந்தால், மனநல ஆலோசகரின் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தக்கூடாது, பெரும்பாலானோர் அழைக்கமாட்டார்கள். மாணவர் சம்மதித்தால் மென்டரே அவர் முன்னிலையில் பேசி நாளும் நேரமும் வாங்கித் தரலாம். உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, மாணவரிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போன் போடவேண்டாம். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த சந்திப்பில் அவர் வாய் திறக்கமாட்டார், அவருடைய நண்பர்களும்தான்.

பதிவேட்டில் இப்போது உள்ள "அறிவுரை வழங்கப்பட்டது" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று மூன்று கட்டங்கள் போடலாம். அடுத்த சந்திப்பு அந்தத் தேதியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முதலாண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் சிலர்