பதிப்பெண்ணை ஒட்டும் பழக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் இணையத்தளம் உருவாக்கக் கற்றுத்தரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். நிரல் எழுதும் முறை தெளிவாகச் சொல்லப்படுகிறது; அந்நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பற்றித்தான் இதுவரை ஒரு வாரமும் பேசப்படவில்லை.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை செல்லும் வழியில் தண்ணீர்ப்பந்தல் அமைக்கும் எங்கள் சங்கம், தொண்டர்களைப் பதிந்துகொள்ள ஜாவா மொழியில் தளம் அமைக்க உதவும் ஸ்பிரிங் பூட் என்ற சட்டகத்தில் ஒரு சிறு தளம் வைத்திருக்கிறது. அதை அண்மையில் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கு உயர்த்தினோம். 2022 நவம்பரில் வெளிவந்த 3.0, ஜாவா 17-ஐக் கட்டாயமாக்கியதும், ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பெயர்கள் பல ‘ஜகார்த்தா’ என்று மாறியதும் தெரிந்த செய்திகளே என்பதால், அவற்றை ஒரே மாலையில் திருத்திவிட்டோம். ஆனால், பிழையின்றி பில்ட் ஆன (இயங்கத்தக்க வடிவில் தொகுக்கப்பட்ட) தளம், இயக்கியவுடன் ‘அப்படியொரு மெத்தட் இல்லை’ என்று, அதாவது அழைத்த நிரல் பகுதியைக் காணவில்லை என்று, நின்றுபோயிற்று.

இரண்டு இரவுகளை வீணாக்கிய பிறகே லைப்ரரிகளைத் தருவித்துத் தளத்தை பில்ட் செய்யும் கருவியான மேவனில், எந்த லைப்ரரி எதன் வழியே வருகிறது என்று மரம்போல் காட்டும் ‘டிபென்டன்சி ட்ரீ’ கட்டளையை இயக்கிப் பார்த்தேன். முன்பு வேறொரு பிழையை அடக்குவதற்காக, ஜேசான் வடிவத் தரவைக் கையாளும் ஜாக்சன் கோர் லைப்ரரியின் பழைய பதிப்பெண்ணை நானே, மேவன் படிக்கும் திட்டக் கோப்பான பாம் கோப்பில் எழுதிவைத்திருந்தேன். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளை ஸ்பிரிங் பூட் தானே வகுத்து வைத்திருந்தாலும், நம் கோப்பில் நேரடியாக எழுதிய எண்ணுக்கே மேவன் முதலிடம் தருகிறது. அதனால், கோரைச் சார்ந்து இயங்கும் ஜாக்சன் டேட்டாபைண்ட் லைப்ரரி புதியதாகவும் கோர் பழையதாகவும் அமைந்து, முன்னது அழைத்த மெத்தட் பின்னதில் இல்லாமற்போயிற்று. அந்த எண்ணை நீக்கியதும் தளம் எழுந்தது.

எண் எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் நிரலின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, பிற லைப்ரரிகளின் வழியே அது தங்கள் தளத்துக்குள் வந்திருப்பதைப் பலர் அறியாமலேயே இருந்தனர். மரத்தைப் பார்த்து, பாதுகாப்பான பதிப்பை வலிந்து எழுதியவர்கள் செய்தது சரிதான். ஆனால் அத்தகைய வரிக்கு அருகில் காரணத்தையும் குறித்துவைத்து, தேவை தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். நான் இரண்டையுமே செய்யவில்லை.

ஆகவே, தொடரில் ஒரு வாரத்தையாவது இதற்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேவனைப் போன்ற மற்றொரு கருவியான கிரேடிலையும் சேர்த்து எழுதினால் நன்று. பதிப்புகள் மோதும்போது அது பொதுவாக உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுக்கும், மேவனோ மரத்தில் நம் திட்டத்துக்கு மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு